தேய்ப்புக் கூடத்துக் காலி இடம்

கம்பெனியில் திருமாலுக்கு இரண்டு பெயர். பழைய ஆட்களுக்கு அவர் 'டைம் ஆபீஸ் சார்'. புதிதாக வந்தவர்களுக்கு 'ஹெச்.ஆர். சார்'. நல்லூர்ப் பக்கம் மல்லாட்டைக் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. பி.காம். முடித்த கையோடு விருத்தாசலத்துக்கு வந்து, தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் கேட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்தார். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எழுதிக்கொள்வதுதான் அப்போது வேலை. கைரேகை மிஷின் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. ஆனால் ஆளை அனுப்பவில்லை. அறைக்கு ஏ.சி. போட்டு, கதவில் வேறு போர்டு மாட்டி, அதே நாற்காலியில் அவரை மேனேஜராக உட்கார வைத்தார் பெரிய முதலாளி.

திருமாலுக்கு ஆட்களைத் தெரியும். யார் வீட்டில் காதுகுத்து, யார் புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான், யாருக்குத் தலைப்பிரசவம் என்பதெல்லாம் கேட்காமலே சொல்வார். லீவு கேட்டு வருகிறவர்களிடம் காரணம் கேட்கமாட்டார். அதனால் பெண்களுக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்பார்கள். பின்னாளில் அவரை உறங்கவிடாமல் செய்தது அந்த நம்பிக்கைதான்.

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்ததும் மகன் தமிழ்ச்செல்வன் பொறுப்புக்கு வந்தார். வெளியூரில் படித்தவர், உழைப்பாளி, ஆட்களிடம் கெட்ட வார்த்தை பேசாதவர். அதுவரை கம்பெனி ஈ.பி.க்கு இன்சுலேட்டர் மட்டும் செய்துகொண்டிருந்தது. அவர் வந்து டீ கோப்பையும் தட்டும் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பத் தொடங்கினார். அங்கே வாங்குகிற கம்பெனிக்குச் சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வருஷத்துக்கு ஒரு நிலைத்தன்மை அறிக்கை வேண்டும் என்றார்கள். எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, சூளைக்கு எவ்வளவு காஸ் எரிகிறது, எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, வேலையால் யாருக்காவது நோய் வந்ததா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. தண்ணீரும் காஸும் இன்ஜினியர் பொறுப்பு. மனிதர்களைப் பற்றிய பக்கங்கள் திருமால் பொறுப்பு.

அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இத்தனை வருஷம் ஆட்களைப் பற்றித் தான் தெரிந்து வைத்திருந்ததற்கு ஒரு மதிப்பு வந்ததுபோல் இருந்தது. தீபாவளிக்குக் கொடுக்கிற புடவையைக்கூட அறிக்கையில் எழுதலாம் என்று சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் சொன்னபோது உள்ளூரச் சிரித்துக்கொண்டே எழுதினார்.

அறிக்கைக்காகவே ஒரு முறை எல்லோருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். எக்ஸ்ரே வேன் ஒன்று கேட்டுக்குள் வந்து நின்றது. பெண்கள் சிரித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சில நாள் கழித்து டாக்டர் வந்து திருமாலின் அறையில் உட்கார்ந்தார். தேய்ப்புக் கூடத்தில் வேலை செய்கிற ஏழு பெண்களுக்கு நுரையீரலில் நிழல் தெரிகிறது என்றார்.

சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பையின் விளிம்பையும் கைப்பிடி ஒட்டிய இடத்தையும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குகிற இடம் தேய்ப்புக் கூடம். காய்ந்த களிமண்ணும் கல்மாவும் சேர்ந்து புகைமாதிரி கிளம்பும். மாலையில் வெளியே வருகிற பெண்களின் புருவம், கண்மயிர், காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்வார்கள். பேச வேண்டுமென்றால் அதைக் கீழே இழுத்துவிட்டுப் பேசுவார்கள்.

"கல்லுத்தூசு உள்ள படிஞ்சா திரும்பி வராது. சிலிக்கோசிஸ்னு சொல்லுவாங்க. இப்பவே அந்த எடத்தவிட்டு மாத்துங்க. பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க. அவங்கவங்ககிட்ட வெவரமா சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி காசியம்மாள். பெரிய முதலாளி காலத்திலேயே சேர்ந்தவள். கையில் கோப்பையைச் சுழற்றுகிற வேகத்தைப் பார்க்க வெளியாட்களைக் கூட்டி வருவார்கள். புருஷன் கேரளாவில் வேலை செய்து ஏதோ அனுப்புவார், அனுப்பாமலும் இருப்பார். ஒரே மகள் வேல்விழியைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது அந்தக் கை வேகம்தான்.

தமிழ்ச்செல்வனிடம் திருமால் விஷயத்தைச் சொன்னார். அவர் முகம் வெளிறிவிட்டது. அறிக்கை போக வேண்டிய நேரம். ஏழு பேருக்கு நோய் என்று எழுதினால் ஆர்டர் நிற்குமோ, நின்றால் இத்தனை பேர் பிழைப்பு என்னவாகும் என்று கேட்டார். பிறகு, "என்னண்ணே செய்யலாம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு 'எழுதித்தான் ஆகணும்' என்று திருமால் சொல்லியிருக்கலாம். சொன்னால் தமிழ்ச்செல்வன் மறுத்திருக்கமாட்டார் என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. அந்த ஏழு பேரையும் பேக்கிங்குக்கு மாற்றி, காண்ட்ராக்டர் கணக்கில் வைத்துவிட்டால், வருஷக் கடைசியில் அவர்கள் நம் பணியாளர்கள் இல்லை. அறிக்கையின் அந்தப் பக்கம் நிரந்தரப் பணியாளர்களைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது. எழுதுவதில் பொய் இருக்காது. தூசிலிருந்தும் அவர்களை விலக்கியதுபோல் ஆகும்.

"சொல்றது சரியாத்தான் இருக்குது" என்றார் தமிழ்ச்செல்வன், யோசித்துக்கொண்டே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபம் என்று திருமாலுக்கு அதுவரை தெரியாது. ஏழு பேரையும் கூப்பிட்டார். நெஞ்சில் கொஞ்சம் சளி கட்டியிருக்கிறது, அதனால் கொஞ்ச நாள் லேசான வேலை என்றார். காண்ட்ராக்டர் கணக்கு என்பதை, சும்மா ஒரு ஏற்பாடு என்பதுபோல் சொன்னார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து அட்டைப் பெட்டியில் கோப்பை அடுக்குகிற வேலை யாருக்குக் கசக்கும்?

மறுநாள் காசியம்மாள் தனியாக வந்தாள். கையில் ஒரு சீப்பு பூவன்பழம். தன்னை நினைத்துப் பார்த்து மாற்றியதற்கு நன்றி சொன்னாள். போகாமல் கதவோரம் நின்றாள்.

"சார், எம் எடம் காலியாத்தான இருக்குது. எம் பொண்ணு வூட்ல சும்மா இருக்கா. அவள அதுல ஒக்கார வெச்சீங்கன்னா புண்ணியமாப் போவும்."

திருமால் மேசைமேல் இருந்த பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வேணாம்' என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டிவரும். இவளுக்கு ஏதாவது செய்தால் மனசு ஆறும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. "வரச் சொல்லு" என்றார்.

அந்த வருஷத்து அறிக்கையில், தொழில்சார் நோய் என்ற இடத்தில் 'எவருக்கும் இல்லை' என்று இருந்தது. பெண்கள் முன்னேற்றம் என்ற பக்கத்தில் காசியம்மாளும் வேல்விழியும் தோளோடு தோள் நின்று சிரிக்கிற படம் போட்டிருந்தது. இரண்டு தலைமுறைக்கு வேலை தந்த நிறுவனம் என்று கீழே எழுதியவர் திருமால்தான். சரக்கு வாங்குகிற கம்பெனி அறிக்கையைப் பாராட்டியது. காசியம்மாள் அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சட்டம் போட்டு மாட்டினாள்.

அதன்பிறகு திருமால் பேக்கிங் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். கேன்டீனுக்குப் போகிற நேரான வழி தேய்ப்புக் கூடத்தை ஒட்டிப் போகும். சூளையைச் சுற்றிப் போனார். மெடிக்கலில் நல்ல மாஸ்க்காக வாங்கி வந்து கூடத்துப் பெண்களுக்குக் கொடுத்தார். வேல்விழி தன்னுடையதைப் பக்கத்தில் உட்காரும் கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அதைக் கேட்டதும் இன்னொன்று வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் கேட்டைத் தாண்டுகிறபோது அவள் "வரேன் சார்" என்பாள். அவர் கண் அவளுடைய கண்ணிமையில் போய் நிற்கும். வெளுத்திருக்கும். தலையாட்டிவிட்டுக் குனிந்துகொள்வார்.

பிரதோஷத்துக்குப் பழமலைநாதர் கோயிலுக்குப் போவது அவர் வழக்கம். அந்த நாட்களில் சந்நிதியில் நின்றால் கேட்க ஒன்றும் வராது. மணிமுத்தாற்றில் முழுகினால் எந்தப் பாவமும் போகும் என்பார்கள். அவர் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தபோது ஆற்றில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரோடயாவது சண்டையா?" என்று மனைவி வளர்மதி கேட்டாள். இல்லை என்றார். அவள் அதை நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

காசியம்மாளுக்கு இருமல் அதிகமானது. பேக்கிங்கில் பெட்டியைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு வேலைக்கே வருவதில்லை. ஒருநாள் மதியம் வேல்விழி லீவு கேட்டு வந்தாள். காரணம் கேட்காத மனிதர் அன்றைக்குக் கேட்டார்.

அம்மாவுக்கு டி.பி. என்று மாத்திரை கொடுக்கிறார்கள், மாதக்கணக்காகப் போட்டும் குறையவில்லை என்றாள் வேல்விழி. சளியில் கிருமி ஒன்றும் தெரியவில்லையாம், இருந்தாலும் போடச் சொன்னார்களாம். தெருவில் யாரும் அம்மாவிடம் நின்று பேசுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தையை அனுப்புவதில்லை. "அம்மாவே தனித் தட்டு, தனி டம்ளர் வெச்சிக்கிட்டாங்க சார். என்னைக் கிட்ட வர விடமாட்டேங்கிறாங்க. எனக்கும் ஒட்டிக்குமாம்" என்று சொல்லிவிட்டு, பேச்சின் நடுவே இரண்டு தடவை இருமினாள்.

அது வெறும் தொண்டைக் கரகரப்பாகவும் இருக்கலாம். திருமாலால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. அவளைப் போகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. காசியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். முடியவில்லை. "தள்ளியே ஒக்காருங்க சார், ஒட்டிக்கும்" என்று ஜன்னலோரம் கை காட்டினாள். டீ போடச் சொல்லி மகளை உள்ளே அனுப்பினாள். சட்டம் போட்ட அந்த அறிக்கைப் படம் அவள் தலைக்கு மேலே தொங்கியது.

திருமால் தள்ளி உட்காரவில்லை. அவளுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார்.

"காசி, ஒனக்கு டி.பி. இல்ல. யாருக்கும் ஒட்டாது. தேய்ப்புல வேலை செஞ்ச தூசு நெஞ்சுல படிஞ்சிருக்குது. வேன்ல படம் எடுத்தப்பவே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. நாந்தான் ஒங்ககிட்ட சொல்லல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ புரியாத பாஷையைக் கேட்பவள்போல் நெற்றி சுருங்கியது. பிறகு பார்வை மெதுவாக அடுப்படிப் பக்கம் திரும்பியது.

"அப்ப, எம் பொண்ண அந்த எடத்துல ஒக்கார வெக்கும்போது ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

உள்ளே டம்ளரில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. வேல்விழி டீயோடு வந்து நீட்டினாள். திருமாலின் கை பாதிவரை உயர்ந்தது.

"அத உள்ள கொண்டு போடி" என்றாள் காசியம்மாள்.

வேல்விழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திருமால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் திட்டவில்லை. கடைசியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் டீ வேளையில் ஆட்டோவில் வந்து கம்பெனி கேட்டில் இறங்கினாள் காசியம்மாள். வாட்ச்மேன் தடுக்கவில்லை. தேய்ப்புக் கூடத்துப் பெண்களும் பேக்கிங் பெண்களும் வெளியே வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அவளுக்குச் சத்தமாகப் பேச மூச்சு இல்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று சொன்னாள். மணி அடித்தபிறகு ஒருத்தியும் கூடத்துக்குள் போகவில்லை.

தமிழ்ச்செல்வன் இறங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் திருமால் முன்னால் போய் நின்று, யோசனை சொன்னது தான், மறைத்தது தான் என்றார். அப்படிச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தி அவரைப் பார்த்து, "ஒங்கள நம்பித்தான சார் வந்தோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அறைக்குள் போனதும் தமிழ்ச்செல்வன் கொதித்தார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். ஆமாம் என்றார் திருமால். இனி மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது என்றார். இது சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். தமிழ்ச்செல்வன் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திருமால் கூடவே தன் ராஜினாமாவையும் வைத்திருந்தார். அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார் முதலாளி. "நீங்க கெளம்பிட்டா இத்தனைக்கும் நான் மட்டும் நின்னு பதில் சொல்லணுமாண்ணே?" என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

பிறகு எல்லாம் அவர்கள் பயந்த மாதிரியும் நடக்கவில்லை, நினைத்த மாதிரியும் நடக்கவில்லை. ஏழு பேரும் பழையபடி கம்பெனி கணக்குக்கே வந்தார்கள். தேய்ப்புக் கூடத்தில் தூசை உறிஞ்சுகிற குழாய் வந்தது. காயவைத்துத் தேய்ப்பதை நிறுத்தி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற முறைக்கு மாற்றினார்கள். எல்லோருக்கும் மறுபடி படம் எடுத்தார்கள். வேல்விழிக்கு நெஞ்சு சுத்தமாக இருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டதும் திருமால் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். காசியம்மாள் மகளை வேலையைவிட்டு நிற்கச் சொன்னாள். வேல்விழி மாட்டேன் என்றாள். இருவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்ததாகப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் கோப்பையில் பூப்போட்ட தாள் ஒட்டுகிற பிரிவுக்கு அவள் மாறினாள். அங்கே தூசு இல்லை.

அடுத்த அறிக்கையில் அந்த இடத்தில் 'ஏழு' என்று எழுதினார் திருமால். சென்ற ஆண்டு சொன்னது சரியல்ல என்று ஒரு வரியும் சேர்த்தார். இதைக் கொஞ்சம் நாசூக்காக எழுதலாமே என்று சென்னை ஆலோசகர் போனில் சொன்னார். வேண்டாம், இருக்கட்டும் என்றார். வாங்குகிற கம்பெனி கேள்விமேல் கேள்வி கேட்டது. ஆர்டரை நிறுத்தவில்லை, பாதியாக்கியது. அதனால் ஒரு ஷிப்ட் குறைந்தது. வேலை குறைந்த ஆண்கள் சிலர் அதற்கும் திருமாலைத்தான் குறை சொன்னார்கள். வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட வளர்மதி, "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா நானாவது போய் அந்தப் பொண்ணத் தடுத்திருப்பன்" என்று மட்டும் சொன்னாள்.

ஈ.எஸ்.ஐ.யில் காசியம்மாளுக்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைக்க மருத்துவ போர்டு பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குக் கடலூர் போகவேண்டும். கம்பெனி சார்பில் ஒருவர் காகிதங்களோடு கூடப் போவது வழக்கம். வேறு ஆளை அனுப்புவதா என்று தமிழ்ச்செல்வன் கேட்டார். நானே போகிறேன் என்றார் திருமால். காருக்கு ஏற்பாடு செய்தார். கார் வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்று மகளிடம் சொல்லி அனுப்பினாள் காசியம்மாள்.

பஸ் ஸ்டாண்டில் வேல்விழி அம்மாவை ஏற்றிவிட்டாள். திருமாலைப் பார்த்து வணக்கம் சொன்னாள். அந்தப் பெண்ணின் குரலில் வெறுப்பு இல்லை. பழைய சிரிப்பும் இல்லை. காசியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருமால் இரண்டு சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பியதும் கண்டக்டர் வந்தார். ஆஸ்பத்திரிப் பையும் ஃபைலும் பார்த்து, "ரெண்டு கடலூரா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு" என்றாள் காசியம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

திருமாலும் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்.

கடலூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரம்தான். ஆட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டார். அவள் நடக்கத் தொடங்கினாள். ஒரு கடை தாண்டியதும் மூச்சு வாங்கி நின்றாள். ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். திருமால் சற்றுப் பின்னால் வெயிலில் நின்றார். அவள் நடந்தபோது நடந்தார். அவள் மறுபடி நின்றபோது அவரும் நின்றார். கிட்டே போகவும் இல்லை, முன்னால் போகவும் இல்லை. அப்படியே இருவரும் போய்ச் சேர்ந்தார்கள்.